கயிறு கட்டி நிறுத்திய காடு

ஊமத்தன்மலையின் தெற்குச் சரிவில் மரங்கள் தரையை விட்டு எழும்பத் தொடங்கிய ஆடி மாதத்தில் எங்கள் ஊர் கீழ்க்கரட்டில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும், அது எங்களிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மரம் எழும்புகிறது என்று கேள்விப்பட்டதும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, அது யாருடைய மரம். இரண்டாவது கேள்வி, அதில் நமக்கு என்ன கிடைக்கும். மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அதை முதலில் பார்த்தவள் என் அக்கா சடச்சி. அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது, கார்பன் கம்பெனியில் மரம் அளக்கும் கூலி வேலை. காற்றில் கலக்கிற புகையை மரங்கள் உறிஞ்சி உடம்பிலும் காலடி மண்ணிலும் சேர்த்து வைத்துக்கொள்கின்றன என்றும், எந்தக் காடு எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்று அளந்து காட்டினால் கடலுக்கு அந்தப் பக்கம் புகை விடுகிறவர்கள் அதற்கு விலை கொடுப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டு அந்தக் கம்பெனி எங்கள் மலைக்கு வந்திருந்தது. மலை முதலாளி ரத்தினசபாபதிக்குச் சொந்தம். அக்கா நாடாவை நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பிடித்து எண்ணைச் சொல்ல வேண்டும், கம்பெனியின் ஆபீசர் சுதர்சன் அதைத் தன் கையிலிருக்கும் கருவியில் தட்டிக்கொள்வார், பிறகு அக்கா மரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். மண்ணை யாரும் அளக்கவில்லை. அதற்குக் குழி வெட்ட வேண்டும், அது வேலை பிடித்த காரியம்.

அன்று காலை பத்து மணி வெயிலில், ஒரு மருத மரத்தைச் சுற்றிய நாடா பட்டையில் சிக்கிக்கொண்டது. அக்கா வெடுக்கென்று இழுத்தாள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் வருகிற கிடேரி மாதிரி மரம் அவளை நோக்கி ஓரடி நகர்ந்து வந்தது. குனிந்து பார்த்தால், சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு வாய்க்கால் தாண்டுகிறவளைப் போல, அது தன் வேர்களையெல்லாம் தூக்கிக்கொண்டு தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அக்கா விரலால் தள்ளினாள், போனது. நாடாவை இழுத்தாள், வந்தது.

"சார், மரம் தரையில இல்ல சார்."

"சுத்தளவு எவ்ளோ?" என்றார் சுதர்சன், தலையைத் தூக்காமல்.

"நூத்தி எழுவத்திரெண்டு."

"தூக்குனதுனால அது கொறஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன, அடுத்த மரத்துக்குப் போங்க."

இப்படிப்பட்ட படிப்பாளிகளிடம்தான் உலகத்தின் புகையை ஒப்படைத்திருக்கிறார்கள்.

மரங்களுக்கு ஏன் கனம் இல்லை என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், தெரியாதது போல இருப்பதுதான் எங்கள் பிழைப்பு. முதலாளியின் தாத்தா காலத்தில் அந்தச் சரிவு முழுவதையும் வெட்டி எரித்து, முதலில் மரவள்ளி போட்டார்கள், பிறகு தைலப்புல் போட்டார்கள், குறுக்கே உழுதால் நேரமாகிறது என்று மேலிருந்து கீழாக நாற்பது வருஷம் உழுதார்கள், ஒவ்வொரு மழைக்கும் விரல்கடை மண் ஓடையில் இறங்கி வந்தது, ஓடை வெற்றிலை எச்சில் போலச் சிவந்து ஓடியது, கடைசியில் மலையின் வெள்ளைப் பாறை எலும்பு துருத்துவது போலத் துருத்தியதும் எஸ்டேட்டை மூடிவிட்டுப் போனார்கள். பிறகு ஐம்பது வருஷத்தில் பறவைகள் போட்ட எச்சத்திலும் காற்று கொண்டுவந்த விதையிலும் காடு தானாக எழுந்தது. கீழேயிருந்து பார்த்தால் பச்சைப் பட்டு விரித்தது போல இருக்கும். அடியில் ஒரு கைப்பிடி மண் கிடையாது.

அந்தச் சரிவின் நடுவில்தான் எஸ்டேட்டின் கூலி லைன் இருந்தது. அறுபது குடும்பங்கள், எங்கள் சனம். அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை, உமி, எலும்பு, உடைந்த சட்டி, செத்த மனிதர்கள் எல்லாம் லைனுக்குப் பின்னால் இருந்த மேட்டில்தான் சேர்ந்தன. கங்காணிகள் அதைச் சாம்பமேடு என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார்களாம். எங்கள் ஆத்தா இருளாயி என்னைப் பெற்றுவிட்டு அங்கேயே செத்தாள், அங்கேயே புதைத்தார்கள். அடுத்த வருஷம் லைனை இடித்துச் சனத்தை இறக்கிவிட்டபோது, ஆறு வயது சடச்சி ஒரு வயது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மைல் நடந்து கீழ்க்கரட்டுக் காலனிக்கு வந்து சேர்ந்தாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மனிதக் கை படாத காடு என்றால் விலை கூடுதல் என்று கம்பெனிக்குத் தெரிந்ததும், எங்கள் முன்னோர் யாரும் அந்த மலையில் குடியிருந்ததில்லை என்று காலனிக்காரர்கள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். குடும்பத்துக்கு ஒரு சோலார் விளக்கும் மலையில் கூலி வேலையும் உண்டு. என் பெயர் சின்னவீரன், வேலைக்கு ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரி, அதனால் முதல் கையெழுத்து என்னுடையது. அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவளும் போட்டாள். விளக்கு இரண்டு மாதம் எரிந்தது.

ஆடி முடிவதற்குள் சரிவிலிருந்த பதினோராயிரம் மரங்களும் எழும்பிவிட்டன. சில ஒரு சாண், சில ஓர் ஆள் உயரம். ஐம்பது வருஷம் சும்மா நின்றவை அந்த ஆடியில் ஏன் எழும்பின என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா மட்டும் சோறு போடும்போது ஒருமுறை சொன்னாள்:

"யாரும் கேக்காத வரைக்கும் நின்னுச்சுடா தம்பி. உன்கிட்ட எவ்வளவு இருக்குன்னு நாடாவைச் சுத்திக் கேட்டதும், வெக்கப்பட்டு எந்திரிச்சிருச்சு."

நாங்கள் வெட்கப்படவில்லை. ஆளுக்கொரு நைலான் கயிறு வாங்கிக்கொண்டு மலைக்குப் போய், பிடித்த மரத்தின் கழுத்தில் சுருக்குப் போட்டு, பட்டத்தை இழுத்து வருவது போல ஊருக்கு இழுத்து வந்தோம். வீட்டு வாசலில் கட்டினால் நிழல், வெயில் நகர நகர மரத்தையும் நகர்த்திக்கொள்ளலாம். ஆட்டோக்காரர்கள் கூரைக்கு மேல் ஒரு புங்கன் கன்றைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கொண்டல்சாமி தன் மகள் கல்யாணத்துக்குப் பந்தலே போடாமல் நாற்பது வேங்கைகளை வரிசையாகக் கட்டிவிட்டு, பந்தல்காரனின் பிழைப்பைக் கெடுத்ததையும் சிக்கனம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டார். கோயில் கமிட்டி கூடி, மேலத்தெரு மரத்தின் நிழல் காலனிப் பக்கம் விழலாமா கூடாதா என்று மூன்று நாள் பேசி, விழக் கூடாது என்று முடிவு செய்து, அதற்காகக் கயிற்றின் நீளத்துக்கு ஓர் அளவும் வைத்தது. மரம் பறக்கிற ஊரில் பேச இவர்களுக்குக் கிடைத்த விஷயம் அதுதான். டி.வி.க்காரர்கள் ஒரு நாள் வந்து படம் எடுத்தார்கள், மறுநாள் வேறு எங்கோ இரண்டு தலைக் கன்றுக்குட்டி பிறந்ததென்று போய்விட்டார்கள்.

ஆவணியில் முதலாளி ரத்தினசபாபதி ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கோபம் என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்கிற பழக்கம்.

"என் மரத்தையெல்லாம் கொண்டுபோய் எடுத்த எடத்துலயே விட்டுருங்க," என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையேறியது. ஒருவன்கூட ஏன் என்று கேட்கவில்லை. கொண்டல்சாமி நாற்பதுக்கு நாற்பத்தொன்றாகக் கொண்டுபோய் விட்டார், விசுவாசம்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. புரட்டாசியில் பெங்களூரிலிருந்து ஓர் அம்மாள் வந்து காட்டைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கப் போகிறார் என்று சுதர்சன் சொன்னார். காடு தரையில் இருக்க வேண்டும். கம்பெனி லாரி லாரியாகக் கயிறு இறக்கியது. பதினோராயிரம் மரங்களையும் கீழே இழுத்து, பாறைக்கும் பாறைக்கும் முடிந்து, முடிச்சின் மேல் சருகைப் போட்டு மறைக்கிற வேலை எங்களுக்கு. நான்தான் மேஸ்திரி. நூற்றிருபது ஆட்களை வைத்து ஒரு மாதம் ஒரு காட்டைக் கட்டினேன். அப்படியும் காற்றடித்தால் மரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு பொட்டலம் பிரிக்கிற சத்தம் போட்டன, வேர் தரையைத் தொட்டுத் தொட்டு எழும்பியது.

சாம்பமேட்டு மரங்களை மட்டும் கட்ட வேண்டியிருக்கவில்லை. பார்க்க லட்சணம் இல்லாத மரங்கள் அவை. கோணல் நாவல், முண்டு முண்டாக ஓர் அத்தி, பத்து இருபது கடுக்காய். ஆள் கூட்டி இழுத்தாலும் இலை அசையவில்லை. முதலாளி வந்து சுற்றிப் பார்த்தார். வரிசையாக நின்ற நாவலையும் கீழே கிடந்த அடுப்புக் கல்லையும் பார்த்து முகம் சுளித்தார்.

"இது அசிங்கமா இருக்கு, இங்க ஆள் இருந்த மாதிரி காட்டுது. வெட்டிருங்க."

வெட்டப் போன இரண்டு கோடரிகளும் வாய் மடங்கித் திரும்பின. மரத்துக்குள் அவ்வளவு கனம். சுதர்சன் கீழே குனிந்து மண்ணைக் கிளறினார். கருப்பு மண், முழங்கை வரை கையை விட்டாலும் அடி தட்டாத மண். ஒரு சட்டி அள்ளித் தூக்கிப் பார்த்தார், இரண்டு கையாலும் முக்கித்தான் தூக்க முடிந்தது. அவர் முகத்தில் அன்றுதான் முதல் முறையாக மூளை வேலை செய்த அடையாளத்தைப் பார்த்தேன்.

"சார், மரத்தை விடுங்க. இந்த மண்ணைச் சாக்குல அள்ளி, அந்தம்மா நடக்கப்போற பாதையில ரெண்டு பக்கமும் வேருக்கு அடியில சொருகிட்டா, கயிறே தெரியாது. மரம் சொந்தக் கால்ல நிக்கிற மாதிரி இருக்கும்."

அள்ளினோம். காலனி ஆட்கள்தான் அள்ளினோம், வெளியூர் ஆள் யாரும் இல்லை. மண்வெட்டியில் கண்ணாடி வளையல் துண்டு வந்தது, ஆட்டு எலும்பு வந்தது, ஆட்டினுடையது அல்லாத எலும்பும் வந்தது. அதைப் பார்த்துக் கை நடுங்கியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. எலும்பை உதறி ஓரமாகப் போட்டுவிட்டுச் சாக்கின் வாயைத் தைத்தோம்.

அக்கா மத்தியானம் நாடாவோடு அந்தப் பக்கம் வந்தாள். வெட்டிய குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எந்த எடத்துலடா வெட்டுறீங்க?"

"எல்லா எடத்துலயும்தான். ஆபீசர் சொன்னது."

"அத்திக்குக் கீழயுமா?"

நான் குனிந்து அடுத்த சாக்கின் வாயைத் தைத்தேன். அவள் அத்தி மரத்தடியில் போய் உட்கார்ந்து, ஓரமாகக் கிடந்த எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். இதில் ஆத்தாவுடையது எது என்று அவளுக்குத் தெரியாது, அதனால் எதையும் விடவில்லை.

"கருங்கல்லு கரையுற மழையெல்லாம் இந்த மலைக்குப் பேஞ்சிருக்கு," என்றாள். "அத்தனைக்கும் அசையாம எதைப் புடிச்சு நின்னுச்சுன்னு நெனைக்கிற? நம்ம தின்னதும் கழிச்சதும் செத்ததும்தான்டா அது. அதைப் போயி அந்தாளோட பொய்க்கு முட்டுக் குடுக்குறியே."

"கூலிக்கு வந்தோம்க்கா. மண்ணு எங்க இருந்தா என்ன?" என்றேன்.

சான்றிதழ் அம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ், கையில் ஒரு கேள்வித்தாள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கேள்வித்தாளில் இல்லாத எதையும் பார்க்காதவர். பாதையின் இரண்டு பக்கமும் மரங்கள் எங்கள் ஆத்தாக்களின் மண்ணில் காலூன்றிக் கம்பீரமாக நின்றன. முதலாளி, கொண்டல்சாமி, சுதர்சன் மூவரும் அவர் பின்னால் நடந்தார்கள். நாங்கள் நாற்பத்து மூன்று பேர் இளநீர்க் குலைகளோடு நடந்தோம். அக்கா நாடாவைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் நடந்தாள்.

சாம்பமேட்டுக்குப் பக்கத்தில் நின்று அவர் ஒன்பதாவது கேள்வியைப் படித்தார். தமிழ் சுமாராக வந்தது.

"இந்த இடத்தில முன்னாடி யாராவது குடியிருந்தாங்களா, விவசாயம் செய்தாங்களா?"

"இல்லை மேடம்," என்றார் சுதர்சன்.

"நான் இருந்தேம்மா," என்றாள் அக்கா.

இளநீர் சீவிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். அக்கா சத்தம் போடவில்லை, அளவு சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"நான் இங்கதான் பொறந்தேன். அந்தா அந்த அத்திக்குக் கீழதான் எங்க ஆத்தாவைப் பொதைச்சது. இந்தச் சரிவு முச்சூடும் உழுது உழுது மண்ணைத் தண்ணியில விட்டுட்டாங்க. இந்த மரத்துக்கெல்லாம் உள்ள ஒண்ணும் கெடையாதும்மா. கட்டி வச்சிருக்கு."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "யாரும் குடியிருக்கலன்னு நீ கையெழுத்துப் போட்டிருக்கியே. அது உன்னோடதுதான?"

"என்னோடதுதான். தெரிஞ்சே பொய்யாத்தான் போட்டேன்."

அந்த அம்மாள் எங்களைப் பார்த்தார். "வேற யாராவது இங்க பிறந்தவங்க இருக்கீங்களா?"

நாற்பத்து மூன்று பேரில் பதினேழு பேர் அங்கே பிறந்தவர்கள், நான் எண்ணியிருக்கிறேன். ஒருவன் மூக்கைச் சொறிந்தான். ஒருவன் இளநீர்க் காய்களை எண்ணினான். முதலாளி என் பக்கம் திரும்பினார், சிரித்த முகம்.

"மேஸ்திரி, நீ அவ தம்பிதான. நீ சொல்லு. உங்கக்கா சொல்றது நெசமா?"

என்னை இடுப்பில் வைத்துப் பன்னிரண்டு மைல் நடந்தவள் இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறாள். நான் சொன்னேன்:

"அக்காவுக்குக் கொஞ்ச நாளாவே தலை சரியில்லீங்க."

அதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறவே இல்லை. பல பேர் பிற்பாடு என்னைப் பாராட்டினார்கள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவன் இடுப்பிலிருந்து இளநீர் அரிவாளை உருவிக்கொண்டு போய், பாதையோரத்து வேங்கையின் அடியில் சருகை விலக்கி, சாக்கை எட்டி உதைத்து, கயிற்றை அறுத்தாள். மரம் குலுங்கியது. பிறகு, ஒரு மாதம் கட்டுண்டு கிடந்த வேகமோ என்னவோ, ஆள் உயரத்தில் நிற்காமல், பக்கத்து மரங்களின் கிளைகளை விலக்கிக்கொண்டு நேராக மேலே போனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வேர்நுனி வெயிலில் மினுங்கியது. அது ஒரு புறா அளவுக்குச் சிறுத்துப் போகும் வரை அந்த அம்மாளும் பார்த்தார்.

"அது என்ன மரம்?" என்று கேட்டார்.

"வேங்கை மேடம்," என்றார் சுதர்சன்.

அவர் தன் தாளில் எதையோ அடித்துவிட்டு எதையோ எழுதினார். பத்தாவது கேள்விக்குப் போனார். பத்தாவது கேள்வி, காட்டில் மயில் உண்டா.

பதினைந்து நாளில் சான்றிதழ் வந்தது. பதினோராயிரம் மரங்களில் ஒன்று குறைவு என்று திருத்தம் போட்டு வந்தது, மற்றபடி குறையில்லை. முப்பது வருஷத்துக்குச் செல்லும். முதலாளி ஊருக்குக் கிடாவெட்டு வைத்தார். நாங்கள் நன்றாகத் தின்றோம். அக்கா அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து மலையை விட்டு இறங்கவில்லை. அத்தி மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, கிடந்த அடுப்புக் கல்லை நிமிர்த்தி வைத்துப் பொங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். அவளை விரட்ட வேண்டுமா என்று சுதர்சன் கேட்டதற்கு, தலை சரியில்லாதவளை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று முதலாளி சொன்னாராம். அந்த வார்த்தை நான் கொடுத்தது.

ஐப்பசியில் கடலில் புயல் என்றார்கள். எங்களுக்கு மழை அவ்வளவு இல்லை, காற்றுதான். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மலைப்பக்கம் ஆயிரம் தறிப் பாவு ஒன்றாக அறுவது போலச் சத்தம் கேட்டு வெளியே வந்தால், தெற்குச் சரிவு முழுவதும் கயிற்றை அறுத்துக்கொண்டு எழும்பிக்கொண்டிருந்தது. வேங்கை, மருது, வாகை, எல்லாம் சுண்ணாம்புக் கோட்டோடு, சில கழுத்தில் நைலான் சுருக்கோடு, ஒன்றன் மேல் ஒன்று புரண்டு, ஊருக்கு மேல் அரைமணி நேரம் இருட்டடித்துவிட்டு, மேற்கே மலையைத் தாண்டிப் போயின. சாக்கு மண்ணில் நின்ற பாதையோர மரங்களும் போயின. இரவல் மண்ணில் வேர் பிடிக்க ஒரு மாதம் போதாது. காற்று ஓய்ந்ததும் மலையடிவாரம் வரை போய்ப் பார்த்தோம். மொட்டைப் பாறை, நடுவில் திட்டாகக் கருப்பு மண்ணும் கோணல் நாவல்களும் ஓர் அத்தியும். அதற்கடியில் ஒரு நூல் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா உலை வைத்திருக்கிறாள்.

சான்றிதழுக்கு ஒன்றும் ஆகவில்லை. காடு இருக்கிறதாகத்தான் இன்றைக்கும் காகிதத்தில் இருக்கிறது. சுதர்சனுக்குப் பதவி உயர்வு, வேறு மாநிலத்தில் வேறு மலை. முதலாளி வருவதில்லை. கொண்டல்சாமி, மரங்கள் சாமியிடம் போய்விட்டன என்று ஒரு கல்வெட்டு வைத்துத் திறந்தார். எங்கள் சனம் ஒரு வாரம் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கூலிக்குப் போனது. யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் இந்த ஊர் என்றைக்கோ வேறு மாதிரி ஆகியிருக்கும்.

எனக்கு உறைத்ததா என்று கேட்டால், அதுவும் உடனே இல்லை. கார்த்திகை பிறந்து, என் மகள் பிரசவத்துக்கு வந்து, பெண் பிள்ளை பிறந்து, என்ன பெயர் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்து, எங்கள் ஆத்தாவின் பெயரை, இருளாயி என்று, மகளே சொன்னாள். அவளுக்கு அந்தப் பெயரைச் சொல்லி வளர்த்தது அக்கா. நான் எழுந்து வெளியே போனேன். மறுநாள் விடிந்ததும் மலையேறினேன்.

பாறை முழுக்க எங்கள் சாக்குகள் கிடந்தன, சில வாய் பிரிந்து, சில தைத்தது தைத்தபடி. ஒன்றைத் தூக்க முயன்றேன். முடியவில்லை. பாதி மண்ணை வேட்டியில் பிரித்துக் கட்டி வைத்துவிட்டு, மீதியை முதுகில் ஏற்றிக்கொண்டு, முழங்கால் இற்றுப்போக, சாம்பமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவள் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன், நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், வருகிற வழியெல்லாம் அதற்குப் பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"புள்ள சொகமா பெத்துக்கிட்டாளா?" என்றாள்.

"பெத்துக்கிட்டா. பொம்பளப் புள்ள."

"பால் இருக்கா?"

"இருக்கு."

தலையை ஆட்டிக்கொண்டாள். அத்திக்கு மேற்கே நாங்கள் வெட்டிய குழியைக் கையால் காட்டினாள். கொட்டினேன். சாக்கை உதறினேன், அதில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துப் போட்டேன். மீதிப் பாதி கீழே வேட்டியில் இருக்கிறது என்றேன். அவள் ஈயக் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, மேலே ஒரு கல் உப்பைப் போட்டு என் முன்னால் நகர்த்தினாள்.

"அக்கா, அன்னைக்கு நான்..."

"இன்னும் எத்தனை சாக்குடா கெடக்கு?"

"முந்நூத்திப் பதினொண்ணு."

அவள் குழியைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், என் முழங்காலைப் பார்த்தாள்.

"சரி, குடிச்சுட்டுப் போ," என்றாள். "வேட்டியில வச்சுட்டு வந்த பாதியை மொதல்ல எடுத்துட்டு வா."